யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பாதவர்களுக்காக



சண்டை முடிந்துவிட்டது. யூதா மக்கபேயும் அவருடைய ஆட்களும் களத்தில் விழுந்து கிடந்த தங்கள் வீரர்களை எடுத்து, அவரவர் மூதாதையர் கல்லறையில் அடக்கம் செய்யப் போகிறார்கள். உடல்களைத் தூக்கும்போது சட்டைக்குள் ஏதோ தட்டுப்படுகிறது. எடுத்துப் பார்த்தால், யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து. ஒருவர் இருவரிடம் இருந்தால் போகட்டும் என்று விடலாம். செத்தவர் ஒவ்வொருவரிடமும் இருந்தது. இன்றைய முதல் வாசகத்தில், மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தில், நாம் கேட்டது இதைத்தான்.

ஆண்டவருக்காகப் போரிடுகிறோம் என்று போனவர்களின் நெஞ்சில் வேறு தெய்வத்தின் தாயத்து. யூதா அதை மறைத்துவிட்டு, எல்லாரும் வேதத்துக்காக உயிர் கொடுத்த மாவீரர்கள் என்று கல் நட்டிருக்கலாம். அல்லது, துரோகிகளுக்கு இது வேண்டும் என்று பிணங்களைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். இரண்டும் சுலபம். அவர் துண்டை ஏந்தினார். படையில் ஒவ்வொரு ஆளிடமும் பணம் பிரித்தார். இரண்டாயிரம் வெள்ளிக்காசு சேர்ந்தது. செத்தவர்களின் பாவம் போகப் பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி அதை எருசலேமுக்கு அனுப்பினார். இறந்தோருக்காகப் பூசை வைக்கிறோமே, அதற்குத் திருச்சபை விவிலியத்தில் காட்டுகிற ஆதாரம் இந்த இடம்தான். கொஞ்சம் கவனியுங்கள். நல்ல மரணம் அடைந்த ஒரு பெரியவருக்காக அந்தப் பலி கேட்கப்படவில்லை. எதற்காகச் செத்தார்கள் என்றே சந்தேகம் வந்துவிட்ட சிப்பாய்களுக்காகக் கேட்கப்பட்டது.

நவம்பர் ஆன்மாக்களின் மாதம். இந்த மாதத்தில் உங்களிடம் பேச நினைத்த ஒரு மரணம் உண்டு. மாதுங்கா நமக்கு நடந்தே போகிற தூரம். நம் பெண்கள் அங்குள்ள வீடுகளில் சமையல் வேலைக்குப் போகிறார்கள். நம் பையன்கள் கிங்ஸ் சர்க்கிள் கடைகளில் நிற்கிறார்கள். எஸ்.ஐ.இ.எஸ். பள்ளி என்றால் டாக்ஸிக்காரர் வழி கேட்க மாட்டார். 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளி அது. அங்கே படித்து, அதே சங்கத்தின் கல்லூரியில் பட்டம் வாங்கியவர் ராமசாமி பரமேஸ்வரன். 1946இல் இதே பம்பாயில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. 1972இல் ராணுவ அதிகாரியானார். சேர்ந்தது மகார் ரெஜிமென்ட்டில். வீட்டில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கும் நம் மராட்டிய அண்டை வீட்டாரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 1941இல் மகார் மக்களுக்கென்று எழுப்பி, பிற்பாடு எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்த படை அது.

1987 நவம்பர் 25. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் தேடுதல் வேட்டை முடித்து, இரவில் மேஜர் பரமேஸ்வரனின் அணி திரும்பிக்கொண்டிருந்தது. பதுங்கியிருந்த விடுதலைப் புலிகள் சுடத் தொடங்கினார்கள். அவர் சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து அவர்கள் மேல் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவன் அவருடைய நெஞ்சில் சுட்டான். அவனுடைய துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டுவிட்டு, உயிர் போகும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே இருந்தார் என்று அரசின் விருதுக் குறிப்பு சொல்கிறது. பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். இலங்கைக்குப் போன படையில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவர்தான். 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

மாதுங்காவில் படித்த தமிழரை இருட்டில் சுட்டவன் தமிழ் பேசுகிறவன். யாழ்ப்பாணத்தார் ‘பொடியன்’ என்பார்களே, அப்படி யாரோ ஒருவன். அதே துப்பாக்கியால் அவனும் செத்தான். வலியில் இருவரும் கத்தியிருந்தால் ‘அம்மா’ என்றுதான் கத்தியிருப்பார்கள்.

இது தியாகமா, வீணா?

போருக்கென்று அந்தப் படை போகவில்லை. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அமைதி காக்கப் போன படைக்கு யாழ்ப்பாணத்தில் மாலை போட்டார்கள். செப்டம்பர் 26 அன்று புலிகள் இயக்கத்தைச் சேர்ந்த திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். பிடிபட்டிருந்த புலித் தளபதிகள் அக்டோபர் 5 அன்று சயனைடு தின்று மாண்டார்கள். அடுத்த வாரமே காவல் படை தாக்கும் படையானது. அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியைச் சேர்ந்த 30 பேரை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கினார்கள். கீழே புலிகள் காத்திருந்தார்கள். சூடு தாங்காமல் அடுத்த ஹெலிகாப்டர்கள் வர முடியவில்லை. அந்த 30 பேரும் தனியே மாட்டிக்கொண்டார்கள். உயிரோடு பிடிபட்டவர் ஒருவர். மற்ற 29 பேரும் செத்தார்கள்.

அதற்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு அந்தப் படை அங்கே இருந்தது. புதிதாக வந்த இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா இந்தியப் படையை வெளியே போகச் சொன்னார். அதோடு நிற்காமல், அந்தப் படையோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். எந்த அரசு அழைத்ததோ அந்த அரசே நம் சிப்பாய்களின் எதிரிக்குத் துப்பாக்கி கொடுத்தது என்று அர்த்தம். 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் கிளம்பியபோது, 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பவில்லை. திரும்பி வந்தவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படை என்பது அவருடைய நிலை. யாழ்ப்பாணத்தில் நடந்ததைக் கேட்டவர்களுக்கு அந்தக் கோபம் வராமல் இருக்காது, எனக்கும் வந்தது. ஆனால் கப்பல் பலகையில் இறங்கி வந்த இருபது வயதுப் பையன் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். நம் 90 அடி ரோட்டில் இருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். நவம்பர் பூசைக்கு மகன் பெயர் கொடுக்க வந்திருந்தார். பெயரைச் சொன்னார், வருடத்தைச் சொன்னார், அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சாமி, பட்டாளத்துல செத்தான்னு எழுதலாமா? ஊருல அப்படிச் சொல்லாதன்னு சொன்னாவ.” மகன் எப்படிச் செத்தான் என்பதை வாய்க்குள் போட்டு விழுங்கிக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். எழுதலாம் அம்மா, என்றேன். அவருக்கு எழுதத் தெரியாது. நான் எழுதினேன். அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு யாராவது ‘அந்தப் போர் வீண்’ என்று விளக்கம் சொல்ல வந்திருந்தால், வந்தவரை நான் வெளியே அனுப்பியிருப்பேன்.

ஆனாலும் வீண் என்ற சொல் தேவைப்படுகிறது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1917 ஆகஸ்டில், திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் இரு தரப்பு ஆட்சியாளர்களுக்கும் கடிதம் எழுதினார். இது பயனில்லாத படுகொலை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். பிரான்சிலும் திட்டினார்கள், ஜெர்மனியிலும் திட்டினார்கள். பதுங்குகுழியில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது பாப்பு இப்படிப் பேசலாமா, அவர்கள் மனம் உடையாதா என்று கேட்டார்கள். அதே பெனடிக்ட் அதே ஆண்டுகளில் வத்திக்கானில் ஒரு அலுவலகம் நடத்தினார். காணாமல் போன சிப்பாய், கைதியான சிப்பாய், ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று தேடி வீட்டுக்குத் தகவல் அனுப்பும் அலுவலகம். லட்சக்கணக்கான விசாரிப்புகள் அதற்கு வந்தன. வீண் என்ற வார்த்தையை அவர் அரண்மனைக்கு அனுப்பினார். தாய்க்கு அனுப்பியது மகனைப் பற்றிய சேதி. நாம் தலைகீழாகச் செய்கிறோம். தலைவர்களுக்கு மாலை போட்டுவிட்டு, தாயிடம் போய் ‘உன் மகன் வீணாய்ப் போனான்’ என்கிறோம்.

தியாகம் என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. மக்களுக்காக ஒருவன் சாவது நல்லது என்ற யோசனையை நற்செய்தியில் முதலில் சொன்னவர் யார்? தலைமைக் குரு கயபா. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவருடைய மரணத்துக்குக் கணக்குப் போட்டார். கடவுள் அந்தச் சாவிலிருந்து உலகத்துக்கே மீட்பைக் கொண்டுவந்தார், உண்மைதான். அதனால் கயபாவின் கணக்கு சரி என்று எந்தக் கிறிஸ்தவரும் சொல்வதில்லை. இயேசு தன் உயிரைத் தானே கொடுத்தார். தன் உயிரைக் கொடுப்பவரை நாம் வணங்கலாம். அடுத்தவர் பிள்ளையின் உயிரைக் கொடுத்துவிட்டு, தியாகம் என்று பெயரும் தானே வைத்துக்கொள்ளும் அதிகாரத்தைக் கண்டால் நாம் உஷாராக வேண்டும். அந்தப் பெயரை வைத்தவுடன் கேள்விகள் நின்றுவிடும். பல்கலைக்கழக மைதானத்தில் 30 பேரை இறக்கச் சொன்னவர்களுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? தெரியாமல் ஏன் அனுப்பினார்கள்? இதெல்லாம் தியாகிகளை அவமதிக்கும் பேச்சாகிவிடும்.

இதற்கு விவிலியத்தில் ஒரு சிப்பாய் இருக்கிறார். உரியா. சாமுவேல் இரண்டாம் நூல் 11ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் வாசியுங்கள். பத்சேபாவின் கதை என்று நினைத்துக்கொண்டு அவசரமாகக் கடந்துவிடுகிறோம், அது உரியாவின் கதையும்தான். அவர் இஸ்ரயேலர் கூட இல்லை, இத்தியர். இரபா நகர முற்றுகையிலிருந்து தாவீது அரசர் அவரை வரவழைக்கிறார். உரியாவின் மனைவி பத்சேபாவிடம் தான் செய்த தப்பை மூடி மறைக்க, வீட்டுக்குப் போய் மனைவியோடு இரு என்கிறார். உரியா போகவில்லை. கூட இருந்தவர்கள் திறந்தவெளியில் படுத்துக் கிடக்கும்போது நான் மட்டும் வீட்டில் சாப்பிட்டுப் படுப்பதா என்று அரண்மனை வாசலில் காவல்காரர்களோடு படுத்துக்கொள்கிறார். மறுநாள் தாவீது குடிக்க வைத்துப் பார்த்தார், அப்போதும் உரியா போகவில்லை. கடைசியில் தாவீது படைத்தலைவர் யோவாபுக்கு ஒரு கடிதம் எழுதி உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறார். சண்டை மும்முரமான இடத்தில் இவனை நிறுத்திவிட்டுப் பின்வாங்குங்கள் என்ற கடிதம். தன் சாவுக்கான உத்தரவைத் தானே சுமந்து நடந்தார் அந்த மனிதர். அவரோடு வேறு சிலரும் செத்தார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. செய்தி வந்தபோது தாவீது சொன்ன ஆறுதலைக் கேட்டால் இன்றைக்குப் பத்திரிகையில் படித்தது போல இருக்கும்: வருத்தப்படாதே, வாள் என்றால் இன்று இவனை வெட்டும், நாளை அவனை வெட்டும்.

உரியாவின் சாவு தியாகமா, வீணா? தாவீதின் பக்கம் நின்றால் அது கொலை. உரியாவின் பக்கம் நின்றால், கடைசி மூச்சுவரை உண்மையாக இருந்த ஒரு மனிதரின் சாவு. கடவுள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. இறைவாக்கினர் நாத்தானை அனுப்பினார். அவர் அரசனிடம் போனார். உரியாவின் கல்லறைக்குப் போய், நீ ஏமாளி, நீ வீணாய்ச் செத்தாய் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. உரியாவைப் புகழ்ந்து பேசி தாவீதைத் தப்பவிடவும் இல்லை. பல தலைமுறைக்குப் பின் மத்தேயு இயேசுவின் வம்ச அட்டவணையை எழுதும்போது, சாலமோனின் தாயைப் பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவி என்றே எழுதினார். அரசன் அழிக்க நினைத்த பெயர் ஆண்டவருடைய வம்சத்திலேயே நிற்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். அந்தப் போர் தவறு. அனுப்பியவர்களிடம் கணக்கு கேட்பது தேசத் துரோகம் ஆகாது. கந்தரோடையில் நெஞ்சில் குண்டு பட்ட பிறகும் தன் ஆட்களைக் காப்பாற்றப் பேசிக்கொண்டிருந்த மனிதர் கொடுத்தது வீண் இல்லை. அதைப் பெற்றுக்கொள்ள அரசுக்குத் தகுதி இருந்ததா என்பது வேறு வழக்கு. அவர் நம் ஞானஸ்நானம் பெற்றவர் இல்லை என்று யாராவது கேட்பீர்கள். நம் நற்கருணை மன்றாட்டில், யாருடைய விசுவாசம் கடவுள் ஒருவருக்கு மட்டும் தெரியுமோ அப்படி இறந்த எல்லாருக்காகவும் நாம் வேண்டுகிறோம். பீடத்தில் அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது.

இத்தோடு முடித்தால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி. ஆனால் சட்டைக்குள் தாயத்து இருந்ததே.

1987 அக்டோபர் 21, தீபாவளி. அன்று இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டார்கள். நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர், ஊழியர்கள் என்று 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் காலை குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம், நாங்கள் மருத்துவர்கள், சரணடைகிறோம் என்று சொல்லிக்கொண்டு, கைகளை உயர்த்தியபடி தாதியரோடு நடந்து வந்தார். அவரையும் சுட்டார்கள். இரு தரப்புச் சண்டைக்கு நடுவில் அகப்பட்டவர்கள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. பிணங்களுக்கு நடுவே பிணம் போலக் கிடந்து உயிர் பிழைத்த ஊழியர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். அவர்களைத்தான் நான் நம்புகிறேன். வைத்தியம் பார்க்கப் படுத்திருந்தவர்களின் சாவை எந்தத் தியாகத்தின் கணக்கில் எழுதுவது? அது பாவம். பெரும் பாவம். புலிகள் செய்த கொலைகளை எடுத்துக் காட்டி இதைச் சரிக்கட்ட முடியாது. அவர்களுடைய கணக்கு தனி, அதுவும் நீளம்.

கந்தரோடையில் விழுந்தவரும் மருத்துவமனையில் சுட்டவர்களும் வெவ்வேறு மனிதர்கள். சீருடை ஒன்று. சீருடையைப் பார்த்து எல்லாரையும் தியாகி ஆக்குவதும், எல்லாரையும் கொலைகாரர் ஆக்குவதும் ஒரே சோம்பேறித்தனம்.

நம் பங்கிலும் விடியற்காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போகிற பையன்கள் இருக்கிறார்கள். 2022இலிருந்து அக்னிவீர் என்று நான்கு வருடத்துக்கு எடுக்கிறார்கள், அதில் நாலில் ஒரு பங்கு பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். தெரிந்தே போகிறீர்கள். வீட்டில் கடன் இருக்கிறது, தங்கை இருக்கிறாள். போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் பணி செய்பவராகச் சிப்பாய் தன்னைக் கருதட்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டின் 79ஆம் எண்ணில் சொல்கிறது. அதே எண்ணில், குற்றமான கட்டளைக்கு அஞ்சாமல் மறுப்பவர்களை உயர்வாகப் பாராட்டுகிறது. இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். இலங்கையில் முதலில் தளபதியாக இருந்த ஹர்கிரத் சிங், பேச்சுவார்த்தைக்கு வரும் புலிகளின் தலைவர் பிரபாகரனைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் சுட வேண்டும் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாகவும், அமைதிக் கொடியை நம்பி வருகிறவரை முதுகில் சுட மாட்டோம் என்று மறுத்ததாகவும் தன் நூலில் எழுதியிருக்கிறார். அவர் சொன்னதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் ஒரு படைவீரர் வாயில் ‘மாட்டேன்’ என்ற சொல் வரலாம், வந்தால் அது கோழைத்தனம் ஆகாது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு போனால் போதும்.

அந்தப் படையில் செத்தவர்களுக்குக் கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வெளியே போ என்று சொன்ன நாடு கல்லில் பெயர் வெட்டி வைத்திருக்கிறது. யாழ்ப்பாண மருத்துவமனையில் ஒவ்வொரு அக்டோபர் 21 அன்றும் ஊழியர்கள் தங்கள் இறந்தவர்களின் படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்றுகிறார்கள். அங்கே இரண்டும் தனித்தனி இடத்தில், தனித்தனிக் கூட்டத்தோடு நடக்கின்றன.

நம் பங்கில் அப்படி வேண்டாம். நவம்பர் 25 மாலைத் திருப்பலியை இவர்கள் எல்லாருக்காகவும் ஒப்புக்கொடுக்கிறேன். இலங்கையில் செத்த இந்திய வீரர்களுக்காக, அவர்கள் கையால் செத்தவர்களுக்காக, அவர்களைக் கொன்ற பொடியன்களுக்காக. உங்கள் உறவில், உங்கள் ஊரில், அந்த ஆண்டுகளில் எந்தப் பக்கத்தில் யார் செத்திருந்தாலும் பெயரைக் கொண்டுவாருங்கள். எப்படிச் செத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்த வேண்டாம். இந்து வீட்டார், பௌத்த வீட்டார் பெயர் கொடுத்தாலும் வாங்கி வாருங்கள். பீடத்திலிருந்து எல்லாப் பெயரையும் ஒரே பட்டியலாக வாசிப்பேன். அன்று விழும் காணிக்கை, போரில் மகனை இழந்த ஏழைத் தாய்மாருக்குப் போகும்.